கழுத்தில் தட்டிய தூதன்

டர்பனை ஒட்டிய உம்லாசிக் குடியிருப்பின் கே பிரிவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாஷாங்கேயின் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். கழுத்தைத்தான் பார்ப்பார்கள். போதகர் ஹ்லோபே வீட்டுக் கார் கொட்டகைதான் சபை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை அங்கியும் பச்சை இடைக்கச்சையுமாக ஜனங்கள் முரசுக்கு ஏற்றபடி வட்டமாக ஓடுவார்கள். ஓடி ஓய்ந்ததும், குறை உள்ளவர்கள் ஒவ்வொருவராக நடுவில் வந்து மண்டியிடுவார்கள். மாஷாங்கே குனிந்து தலையில் கை வைப்பாள். பலரிடம் ஒன்றும் நடக்காது. சிலரிடம் மட்டும், கை வைத்து நிமிர்ந்த மாத்திரத்தில், அவளுடைய தொண்டைக்குழிக்கு இரண்டு பக்கமும் தோல் படபடவென்று துடிக்க ஆரம்பிக்கும். கடைசி வரிசைக்காரனுக்கும் அது தெரியும். "தூதன் தட்டுறான்!" என்று யாராவது கத்துவார்கள். முரசு நிற்கும். அதற்குப் பிறகு மாஷாங்கே வாயிலிருந்து வருவதுதான் தீர்ப்பு.

மற்ற ஆறு நாளும் அவளுக்கு அப்படி ஒன்றும் மரியாதை கிடையாது. டர்பன் கடற்கரையில் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் கொடுத்து எடுக்கிற வேலை. மேற்பார்வைக்காரி அவளுடைய மகளைவிடச் சின்னவள். விரிப்பில் ஒரு சுருக்கம் விழுந்தால் ஊரைக் கூட்டுவாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகள் ஒருத்தி, கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் சிபோனெலோ ஜோகன்னஸ்பர்க்கில் லாரி ஓட்டுகிறான், அம்மாவோடு பேசுவதில்லை. இப்படிப்பட்ட ஒருத்திக்கு வாரத்தில் ஒரு நாள் நூறு பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால், தலை கொஞ்சம் கனக்கத்தானே செய்யும்? மாஷாங்கேக்குக் கனத்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அங்கியோடு தெருவில் நடக்கும்போது அவள் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லமாட்டாள், தலையை மட்டும் ஆட்டுவாள்.

அவள் சொன்ன தீர்ப்புகளில் பெரும்பாலானவை யாருக்கும் கெடுதல் செய்யாதவை. "இந்த வேலைக்குப் போ", "அந்தப் பயணம் வேண்டாம்", "செத்துப்போன உங்க சித்தப்பா மனத்தாங்கலோட இருக்கார், ஒரு பானை சோளக்கள் வெச்சுக் கும்பிடு". கேட்டவர்களுக்கு மனசு லேசாகும். போய்விடுவார்கள். ஒரே ஒரு தீர்ப்புதான் ஓர் ஆளை உருக்குலைத்தது. நோக்வாசி விஷயம் அது.

நோக்வாசி சிபோனெலோ கட்டிக்கொள்ள இருந்த பெண். அவள் வீட்டுக்குப் பரிசமாகக் கொடுக்க வேண்டிய மாடுகள் பேசி முடித்து, கல்யாணப் பேச்சு பாதிக்கு மேல் வந்துவிட்டிருந்தது. வீட்டுக்கு வரப்போகிற பெண்ணைச் சபைக்குக் கூட்டிவந்து ஆசி வாங்குவது வழக்கம். வந்தாள், மண்டியிட்டாள். மாஷாங்கே குனிந்தாள், கை வைத்தாள், நிமிர்ந்தாள். கழுத்து துடித்தது. "இந்தப் பொண்ணு பின்னாடி ஒரு இருட்டு வருது" என்றாள் மாஷாங்கே. அவ்வளவுதான் சொன்னாள். மீதியை ஊர் சொல்லிக்கொண்டது.

நோக்வாசி அப்போது தன் மாமா வீட்டு முன்னறையில் குழந்தைகள் பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். மறுவாரமே தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்தத் தொடங்கினார்கள். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் மிச்சமிருந்ததும் நின்றது. "இருட்டுன்னு சொன்ன வீட்டுக்கு எங்க பொண்ணு விளக்கேத்த வராது" என்று அவள் மாமா பேச்சை முறித்துக்கொண்டார். சிபோனெலோ ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவன்தான். நோக்வாசி இப்போது பேரங்காடியில் காசு வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மற்ற வரிசையெல்லாம் நீண்டு கிடக்கும்போதும் கே பிரிவுப் பெண்கள் அவள் வரிசைக்குப் போகமாட்டார்கள். மாஷாங்கேயும் போனதில்லை. மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்க் கால் வலிக்க நின்றிருக்கிறாள்.

குட்டு வெளிப்பட்டது சலவைக்கூடத்தில். கீழே விழுந்த ஒரு தலையணை உறையை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தாள். கழுத்தில் தட்டல் ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. கண் இருட்டிச் சூட்டு உருளைப் பக்கமே சாய்ந்தவளைப் பக்கத்து வேலைக்காரி சட்டையைப் பிடித்து இழுத்ததால் முகம் பிழைத்தது. அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் மார்பில் வயர்களை ஒட்டினார்கள், காகிதம் ஓடியது, ஒரு டாக்டர் கையில் ஊசி போட்டார். ஒரு கணம் நெஞ்சுக்குள் எல்லாமே நின்றுபோய், செத்தோம் என்று நினைத்தாள். அடுத்த கணம் இதயம் சாதுவாக அடித்துக்கொண்டிருந்தது. தூதனை ஓர் ஊசி விரட்டிவிட்டதே என்று முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

இதயப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் நாயக்கர். டர்பன்காரர், அம்மா வயதுக்காரியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

"அம்மா, இதயம் துடிக்க உள்ள மின்சாரம் ஓடுது. அது போக ஒரு வழி போதும். உங்களுக்குப் பொறந்ததுலேர்ந்தே ரெண்டு வழி இருக்கு. சில சமயம் ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏறிச் சுத்திச் சுத்தி வர ஆரம்பிச்சிடும். அப்பத்தான் படபடன்னு வருது, கழுத்துல துடிக்குது."

"கழுத்துல துடிக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த வியாதிக்காரங்க நிறையப் பேருக்குத் துடிக்கும். குனிஞ்சு நிமிர்ந்தா வருமே?"

மாஷாங்கே கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"குளிர்ந்த தண்ணி குடிச்சா, மூச்சை அடக்கி முக்கினா, சில நேரம் நின்னுடும், இல்லையா?"

சபையில் தீர்ப்பு முடிந்ததும் அவளுக்குச் சில்லென்று ஒரு குவளை ஜெபத் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்ததும் தூதன் போய்விடுவான். அதை இந்த மனிதர் வைத்த கண் வாங்காமல் பார்த்திருந்தவர் போலச் சொல்கிறார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"மாத்திரை தரலாம், ஆனா காலம் பூரா சாப்பிடணும். இல்லைன்னா தொடை இடுக்குல இருக்கற ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை இதயத்துக்குள்ள அனுப்பி, அந்த ரெண்டாவது வழியைச் சுட்டு மூடிடலாம். நெஞ்சைக் கிழிக்கற வேலை இல்ல. மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்."

சூட்டு உருளைப் பக்கம் மறுபடி அவளை விடமாட்டோம், டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்று ஓட்டலில் சொல்லிவிட்டார்கள். சம்மதித்தாள். சபையில் ரத்த அழுத்தம் என்று மட்டும் சொன்னாள். முரசு அடிக்கிற மாட்லோமோ அவளுக்குச் சின்ன வயதுச் சிநேகிதி. அவள் விடுகிற ரகம் இல்லை.

"ஏண்டி, ஊருக்கெல்லாம் கை வெச்சு வைத்தியம் பார்க்கறவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் கேக்குதா?"

"வாயை மூடு. அழுத்தம் ஏறினா யாருக்கும் ஏறும்."

"தூதன் உன்னைத் தேடி இங்க வந்தா நான் என்ன சொல்றது? பத்தாம் நம்பர் வார்டுக்குப் போங்கய்யான்னு அனுப்பி விடவா?"

மாட்லோமோ சிரித்தாள். மாஷாங்கேயும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

சிகிச்சை அன்றைக்கு முதல் வெட்கம் உடம்புக்கு. போதகர் ஜெபித்துக் கட்டிய இடுப்புக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள் நர்ஸ். பிள்ளை பெற்ற பிறகு இன்னொருவர் கண்ணில் படாத இடத்தைச் சவரம் செய்தாள். மாஷாங்கே சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அதுதான் பெரிய மானக்கேடு என்று நினைத்துக்கொண்டிருந்தாள் பாவம்.

குளிரான அறை. தலைக்கு மேல் பெரிய இயந்திரம், பக்கத்தில் கோடு கோடாக ஓடுகிற திரைகள். தொடை இடுக்கு மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஏதோ உள்ளே நுழைவது தெரிந்தது, வலிக்கவில்லை. லேசான மயக்க மருந்துதான். முழு நினைவும் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பையன்கள் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி ஒலிபெருக்கியை அணைக்காமலே விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றித் தருவதில் எந்தக் கடை ஒசத்தி என்று.

"அம்மா, இப்ப நான் வேணும்னே அதை வரவழைக்கப் போறேன்" என்றார் டாக்டர் நாயக்கர். "பயப்படாதீங்க. வந்தா மட்டும் சொல்லுங்க. தம்பி, ஆரம்பி."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பையன் எதையோ அழுத்தினான். நெஞ்சுக்குள் இரண்டு மூன்று குதிப்பு. பிறகு வந்தது. அதே படபடப்பு, அதே கழுத்துத் துடிப்பு, காதுக்குள் அதே இரைச்சல். முரசு இல்லை, அங்கி இல்லை, மண்டியிட்டவர் இல்லை. ஒலிபெருக்கியில் இன்னொரு பையன், "ஆட்டுக்கறின்னா அந்த மூலைக்கடைதான்டா" என்று முடித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இதுதானா? உங்களுக்கு எப்பவும் வர்றது இதேதானா, இல்ல வேற மாதிரியா?"

அவள் திரையைப் பார்த்தாள். வேற மாதிரி என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். சொன்னால் சுடமாட்டார்களோ என்னவோ. தூதன் தூதனாகவே இருந்துவிடுவான்.

"சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாத்தான் நாங்க சரியான இடத்துல இருக்கோமான்னு தெரியும்."

"இதுதான்" என்றாள்.

"நிறுத்து" என்றார் டாக்டர். பையன் அழுத்தினான். நின்றது. "இன்னொரு தடவை பார்த்துக்கலாம்." வந்தது. "நிறுத்து." நின்றது. தண்ணீர்க் குழாயை யாரோ திறந்து மூடுவது போலத் திறந்து மூடினார்கள். அவள் கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வலிக்குதா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். எப்படி விளக்குவது?

அவளை அறுத்தது ஏமாந்துபோன துக்கம் இல்லை. ஏமாந்தவளுக்காவது ஊரே இரக்கப்படும். அவளுக்கு இது தெரியும். முழுதாகத் தெரியாது, ஆனால் தெரியும். குளியலறையில் வழுக்கிவிழுந்த சோப்பை எடுத்து நிமிரும்போது வந்திருக்கிறது. செருப்பு வாரை மாட்டும்போது வந்திருக்கிறது. ஒருமுறை அடுப்புக்கடியிலிருந்து கீரிப்பிள்ளை மாதிரி ஓடின எலியைத் துரத்தும்போது வந்தது. அந்த எலிக்கு என்ன தீர்க்கதரிசனம் சொல்வது? இப்படி வந்ததையெல்லாம் அவள் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. தனியாக இருக்கும்போது வந்தால், தண்ணீர் குடித்து மறந்துவிடுவாள். எதிரில் ஆள் மண்டியிட்டிருக்கும்போது வந்தால் மட்டும் அது தூதன்.

சுட்டார்கள். நெஞ்சுக்குள் கொஞ்சம் கதகதப்பு, அவ்வளவுதான். பிறகு பையன் எத்தனை முறை அழுத்தியும் அது வரவில்லை. "போயே போச்சும்மா" என்றார் டாக்டர், சொந்த அம்மாவுக்கு நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தோடு. காலை நீட்டியபடி அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். மாஷாங்கே கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, "உங்களுக்கென்ன அக்கா, குணமாயிட்டீங்க, சிரிக்கக்கூடாதா?" என்றாள்.

சபைக்குத் திரும்பிய முதல் ஞாயிறு அவள் பின்வரிசையில் உட்காரப் பார்த்தாள். விடுவார்களா? கை பிடித்து நடுவில் நிறுத்தினார்கள். வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு நடுவயதுக்காரர் மண்டியிட்டார். அவள் குனிந்தாள், கை வைத்தாள், நிமிர்ந்தாள். நெஞ்சு அமைதியாக இருந்தது. எல்லாருடைய கண்ணும் தொண்டையில். அந்த மௌனம் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. மோவாயை மார்பில் அழுத்தி, மூச்சை அடக்கி முக்கினாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

"தூதன் தட்டுறான்!"

"வேலை கிடைக்கும். பொறுமையா இரு" என்றாள் அவள். மனிதர் அழுதுவிட்டார். மறுநாள் ஒரு பை நிறையச் சேப்பங்கிழங்கு கொண்டுவந்து அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டக்கூடக் கூச்சப்பட்டுப் போய்விட்டார். மாஷாங்கே அந்தக் கிழங்கைச் சமைக்கவும் முடியாமல் எறியவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் செய்தது அறியாமை என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிக்கொள்ளலாம். நேற்றுச் செய்ததை என்னவென்று சொல்வது? சீ என்று வந்தது.

அப்போதுதான் நோக்வாசியிடம் போக வேண்டும் என்று தோன்றியது. ஒரு வெள்ளைக் கோழி வாங்கினாள். இன்னொருவருக்குச் செய்த அவமானத்தைக் கழுவ வெள்ளைக் கோழியோடு போவது முறைதான். ஆனால் முறை என்றால் பேச்சுப் பேச இரண்டு ஆளோடு, முன்வாசல் வழியாக, வெளியே நின்று குரல் கொடுத்து உள்ளே போக வேண்டும். மாஷாங்கே தனியாக, வேலை நாள் பிற்பகலில், தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பின்பக்கமாகப் போனாள். கோழியை மளிகைப் பைக்குள் தலை மட்டும் தெரியும்படி மறைத்திருந்தாள்.

நோக்வாசி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். உட்காரச் சொன்னாள், மரியாதையில் குறை வைக்கவில்லை.

மாஷாங்கே ஆஸ்பத்திரிக் கதை முழுவதையும் சொன்னாள். இரண்டு வழி, குழாய், பையன் அழுத்தியது, எல்லாம். "அது தூதன் இல்லம்மா, வியாதி. வியாதி என்னை ஏமாத்திடுச்சு. நான் உனக்குச் செஞ்சது பெரிய தப்பு" என்றாள்.

நோக்வாசி ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"இப்ப நல்லா இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன்."

"நல்லது. கோழியை எடுத்துட்டுப் போங்க."

"ஏம்மா..."

"நூறு பேர் நடுவுல இருட்டுன்னு சொன்னீங்க. அதைக் கொல்லையில வந்து திருப்பி எடுத்துக்கறீங்களே. யாருக்குத் தெரியும் இது? எனக்கும் கோழிக்கும்தான்." குரல் உயரவே இல்லை. "எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நான் வரேன்."

கோழியோடு திரும்பி நடந்தாள். வழியில் மாட்லோமோ எதிர்ப்பட்டு, "என்னடி, இது பையிலிருந்து எட்டிப் பார்க்குது, யாருக்குக் குழம்பு?" என்றாள். மாஷாங்கே கூனிக் குறுகி அவளைத் தாண்டிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை போதகரிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்கலாமா என்று தவித்தாள். சனிக்கிழமை போய்ச் சொல்லியும் பார்த்தாள். போதகர் ஹ்லோபே கெட்டவர் இல்லை. ஆனால் அந்தக் கொட்டகைக்குக் கூட்டம் எதற்காக வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

"அம்மா, உடம்பு குணமாச்சு, ஸ்தோத்திரம். அதோட விடுங்க. எதுக்கு ஜனங்க மனசைக் கலைக்கணும்?"

"ஒரு பொண்ணு வாழ்க்கை போச்சே, போதகரய்யா."

"அவளுக்காக ஜெபிப்போம்" என்றார் அவர், தொப்பியை எடுத்துக்கொண்டே.

மறுநாள் முரசு ஓய்ந்ததும் அவளே நடுவில் போய் நின்றாள். வாசலில் நோக்வாசி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள், மரியாதைக்கு இல்லை. ஒருத்தி குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நோய் போன பிறகு இதயம் அடித்துக்கொள்வது எப்படி என்று அன்றைக்குத்தான் மாஷாங்கேக்குத் தெரிந்தது. அது மெல்ல ஏறி, பயத்தோடு சேர்ந்து, காதுவரை அடித்தது.

"ஜனங்களே, என் கழுத்துல தட்டினது தூதன் இல்ல" என்றாள். "அது இதய வியாதி. ஆஸ்பத்திரியில ஒரு பையன் பொத்தானை அழுத்தினான், வந்துச்சு. நிறுத்தினான், நின்னுச்சு. டாக்டர் குழாய் விட்டுச் சுட்டுட்டார். இப்ப வர்றதே இல்ல. போன வாரம் நீங்க பார்த்தது நான் முக்கினது. நான் சொன்ன எதையும் நம்பாதீங்க. இந்தப் பொண்ணைப் பத்திச் சொன்னது பொய்."

யாரோ தும்மினார்கள். கிழங்கு கொண்டுவந்த மனிதர் வாயைத் திறந்தபடி நின்றார். அவள் கல்லெறியை எதிர்பார்த்தாள். எழுந்தது கைத்தட்டல்.

"எப்பேர்ப்பட்ட தாழ்மை!" என்றது ஒரு குரல். "அல்லேலூயா!" என்றது இன்னொன்று. போதகர் ஹ்லோபே சட்டென்று கையைத் தூக்கினார். "பொத்தானை அழுத்தின கை யாரோட கை? சொல்லுங்க ஜனங்களே! டாக்டரோட கைக்குப் பின்னாடி இருந்த கை யாரோட கை?" ஆமென் என்று கொட்டகை அதிர்ந்தது. மாட்லோமோவின் கை தானாகவே முரசுக்குப் போனது.

நோக்வாசி வட்டத்துக்குள் வந்தாள். அன்றைக்கு மண்டியிட்ட அதே இடத்தில் மண்டியிட்டாள்.

"குனியுங்கம்மா" என்றாள். "எல்லாரும் பார்க்கட்டும்."

மாஷாங்கே குனிந்தாள், கை வைத்தாள், நிமிர்ந்தாள். அத்தனை பேரும் தொண்டையை எட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. பிறகு போதகர் குரல் உடைந்து கத்தினார்: "இருட்டு போயிடுச்சு! அந்தப் பொண்ணை விட்டு இருட்டு போயிடுச்சு!"

முரசு வெடித்தது. ஜனங்கள் ஓட ஆரம்பித்தார்கள். குழந்தையை இழுத்துக்கொண்ட அதே பெண் ஓடிவந்து நோக்வாசியின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நாளைக்கே எம்பிள்ளைய உங்கிட்ட அனுப்பறேண்டி கண்ணு" என்றாள்.

மாஷாங்கேக்குத் தலை சுற்றியது. முடிந்துவிட்டது. இனி அந்தப் பெண்ணைப் பார்த்து யாரும் ஒதுங்கமாட்டார்கள். தன் பேரும் கெடவில்லை, கூடத்தான் போகிறது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நெஞ்சில் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அப்போது நோக்வாசி அண்ணாந்து அவளைப் பார்த்தாள். கட்டிக்கொண்டிருந்தவளின் கைகளுக்குள் அவள் கட்டை மாதிரி விறைத்திருந்தாள். இல்லாத இருட்டு போனதற்காக அவளைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"முரசை நிறுத்துடி!" என்று மாஷாங்கே அலறினாள். மாட்லோமோ பயந்துபோய் நிறுத்தினாள்.

"அன்னைக்கு நான் குனியறதுக்கு முன்னாடி என் முகத்தைப் பார்த்தியாம்மா நீ?" மாஷாங்கே நோக்வாசியிடம் கேட்டாள்.

"பார்த்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"முடிவு பண்ணிட்டு வந்திருந்தீங்க."

"ஆமாம்" என்றாள் மாஷாங்கே. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுக்குங்க. கொல்லையில இவகிட்ட வியாதி என்னை ஏமாத்திடுச்சுன்னு சொன்னேன். இப்ப இங்கயும் அதைத்தான் சொன்னேன். வியாதி என்னை ஏமாத்தல. நான்தான் வியாதியை வெச்சுக்கிட்டேன். அன்னைக்குக் கழுத்து துடிக்காட்டாலும் நான் இவளை வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். இவகிட்ட இருட்டு இருந்ததே இல்ல. போறதுக்கு ஒண்ணும் இல்ல."

அல்லேலூயா எழவில்லை. போதகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா?" என்று கேட்டது கிழங்குக்காரர்தான். "இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன செஞ்சுது?"

மாஷாங்கேக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதைச் சொல்வதைவிட அந்தக் குளிர் அறையில் துணியில்லாமல் கிடப்பது மேல் என்று தோன்றியது. அவ்வளவு அற்பம்.

"முதல் தடவை என் வீட்டுக்கு வந்தப்போ டீ போட்டுக் கொடுத்தேன்" என்றாள். "கொடுத்த டீயைக் குழாயடியில கொட்டிட்டு, கோப்பையைக் கழுவி, மறுபடி ஊத்திக் குடிச்சா. நான் ஜன்னல் வழியா பார்த்தேன். பள்ளிக்கூடம் நடத்தறவளுக்கு என் கோப்பை அழுக்கா தெரிஞ்சுதான்னு மனசுல வெச்சுக்கிட்டேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு நோக்வாசிக்கு எதிரே மண்டியிட்டாள். தலை நிமிரவில்லை.

நோக்வாசி தன்னைக் கட்டியிருந்த கைகளை விலக்கினாள். மாஷாங்கேக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் பேசினாள். ஆனால் முரசு நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"கோப்பையில எறும்பு செத்து மிதந்துச்சும்மா. வாழப்போற வீடு, வரப்போற மாமியார். சொன்னா உங்களுக்கு வெக்கமா இருக்குமேன்னு சொல்லல."

மாஷாங்கே அங்கியின் நுனியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.